மேய்ன் மாநிலத்தின் வாஷிங்டன் கவுண்டியில் குடியேற எண்ணுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், அட்லாண்டிக் கடலையும் கனடா எல்லையையும் ஒருசேரத் தொட்டுக்கொண்டிருக்கும் வாஷிங்டன் கவுண்டியைப் பற்றி, இங்கே வேலை கிடைத்த மருத்துவர்களும், வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர்களும், ஓய்வுக்குப் பிறகு கடலோரத்தில் வாழ நினைப்பவர்களும் விசாரிக்கிறார்கள். கவுண்டியில் குடியிருப்பவன் என்ற முறையில் அவர்களுக்கு நான் சொல்லிவரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் அமெரிக்க டாலரில், 2024, 2025 ஆண்டுகளின் நிலவரப்படி தரப்பட்டுள்ளன.

இந்தக் கவுண்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

ஏறத்தாழ 6,600 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பில், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 31,095 பேர் வாழ்கிறார்கள். அதாவது ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஐந்து பேர்கூட இல்லை. தலைமையூரான மச்சயஸில் சுமார் இரண்டாயிரம் பேரும், கனடா எல்லையில் உள்ள கேலஸில் சுமார் மூவாயிரம் பேரும் இருக்கிறார்கள். ஈஸ்ட்போர்ட், லுபெக், ஜோன்ஸ்போர்ட், மில்பிரிட்ஜ் ஆகியவை கடலோர ஊர்கள். அமெரிக்கப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி லுபெக்கில்தான் இருக்கிறது. பெரிய மருத்துவமனை, விமான நிலையம், பெரிய கடைகள் எல்லாம் கவுண்டிக்கு வெளியே, மச்சயஸிலிருந்து ஏறத்தாழ 85 மைல் தொலைவில் உள்ள பேங்கோரில்தான். அந்த 85 மைலை நினைவில் வைத்துக்கொண்டு மற்றப் பதில்களைப் படியுங்கள். கீழே சொல்லப்போகும் செலவுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வாழ்க்கைச் செலவு குறைவு என்று சொல்கிறார்களே, உண்மையா?

வீட்டு விலையை மட்டும் பார்த்தால் உண்மை. மேய்ன் மாநிலம் முழுவதற்குமான இடைநிலை வீட்டு விலை 2024 கோடையில் நான்கு லட்சம் டாலரைத் தொட்டபோது, இந்தக் கவுண்டியில் அது கிட்டத்தட்ட பாதியாகவே இருந்தது. பாஸ்டனிலோ நியூ ஜெர்சியிலோ வாடகைக்கு இருப்பவர் இந்த விலையைப் பார்த்ததும் மனம் சாய்வது இயல்பு.

ஆனால் வீட்டு விலையில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியைக் குளிரும் தூரமும் ஆண்டுதோறும் வாங்கிக்கொள்கின்றன. வருமானம் வெளியிலிருந்து வருபவருக்கோ நிலையான சம்பளம் உள்ளவருக்கோ அது தாங்கக்கூடிய சுமைதான். உள்ளூர் வேலையை மட்டும் நம்பி இருப்பவருக்கு அப்படியல்ல. மாநிலத்திலேயே குடும்ப வருமானம் மிகக் குறைந்த கவுண்டிகளுள் இதுவும் ஒன்று. ஆகவே, விலை குறைந்த ஊர் என்பதாலேயே இங்குள்ளவர்கள் சிரமமின்றி வாழ்கிறார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களது வருமானத்தோடு ஒப்பிட்டால் இது மலிவான ஊரே அல்ல.

வீடு வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

முதல் ஆண்டு வாடகைக்கு இருப்பதே நல்லது என்பேன், ஆனால் வாடகை வீடு கிடைப்பதுதான் அரிது. இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ ஆயிரம் டாலர் என்பது கட்டுப்படியாகும் தொகைதான் என்றாலும், அந்த விலையில் ஆண்டு முழுவதும் தங்கக்கூடிய வீடுகள் கைவிரல் விட்டு எண்ணும் அளவிலேயே விளம்பரத்துக்கு வருகின்றன. கடலோரத்தில் பல வீடுகளைச் செப்டம்பர் முதல் மே வரை மட்டும் வாடகைக்கு விடுவார்கள். ஜூனில் கோடைக்கால விருந்தினர்களுக்கு வாரக் கணக்கில் விட்டால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதால், குடியிருப்பவர் காலி செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அது பன்னிரண்டு மாதத்துக்கானதா என்று கட்டாயம் கேளுங்கள்.

வாங்குவதானால், கடல் தெரியும் மனைக்கும் இரண்டு மைல் உள்ளே தள்ளிய மனைக்கும் விலை பல மடங்கு வேறுபடும் என்பதை மனதில் கொள்ள வேண்டும். பழைய வீடுகள் அதிகம்; நூறாண்டு கடந்த மர வீடுகளும் சாதாரணம். கூரை, அடித்தளம், வெப்பக் காப்பு, செப்டிக் டேங்க் ஆகிய நான்கையும் தனித்தனியே சோதிக்காமல் விலை பேசக் கூடாது. கரையோர மண்டலத்துக்குள், அதாவது கடல், ஏரி, ஆறு ஆகியவற்றின் உயர்மட்டக் கோட்டிலிருந்து 250 அடிக்குள், இருக்கும் சொத்து கைமாறும்போது செப்டிக் அமைப்பைச் சான்றிதழ் பெற்ற ஆய்வாளர் சோதிக்க வேண்டும் என்பது 2020 முதல் மாநிலச் சட்டம். அந்த மண்டலத்துக்கு வெளியே உள்ள வீட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், சொந்தச் செலவில் சோதித்துவிடுவதே நலம். புதிய செப்டிக் அமைப்புக்கு ஆகும் செலவு, வீட்டு விலையில் பேரம் பேசிக் குறைத்த தொகையை எளிதாக விழுங்கிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெளியூர்ப் பணம் கோடைக்கால வீடுகளை வாங்கிக் குவிப்பதால், இங்கேயே பிறந்து வளர்ந்த மீனவரின் மகனுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் வீடு கிடைப்பதில்லை. நீங்கள் வாங்கும் வீட்டில் குளிர்காலத்திலும் விளக்கு எரிய வேண்டும், பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆண்டுக்கு ஆறு வாரம் மட்டும் தங்குவதற்காக வாங்குவோருக்கு இந்தப் பக்கத்தின் மூலம் உதவ எனக்கு விருப்பமில்லை.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எவ்வளவு ஆகும்?

புதிதாக வருபவர்கள் மிகக் குறைத்து மதிப்பிடும் செலவு இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மேய்னில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகள் இன்னும் ஹீட்டிங் ஆயிலையே நம்பியிருக்கின்றன. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இந்த அளவு இல்லை. குழாய் வழியே வரும் இயற்கை எரிவாயு இந்தக் கவுண்டியின் ஊர்களில் கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அடித்தள அறையில் 275 காலன் கொள்ளளவுள்ள எஃகுத் தொட்டி ஒன்று நிற்கும். அதன் தலையில் ஒரு சிறிய கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை ஒன்று இருக்கும். மிதவை கால் பங்கு அளவுக்கு இறங்கும்போதே எண்ணெய் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். பல நிறுவனங்கள் நூறு காலனுக்குக் குறைவாகக் கொண்டுவர மாட்டா, அல்லது தனிக் கட்டணம் கேட்கும். பனிப்புயல் வாரத்தில் மிதவை அடியைத் தொட்டுவிட்டால் குளிர் மட்டுமே பிரச்சினையாக இராது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து, சுவரையும் தரையையும் பாழாக்கிவிடும்.

நடுத்தர அளவுள்ள பழைய வீடு ஒன்று ஆண்டுக்கு 800 காலன் எரிக்கிறது என்று கொள்வோம். காலன் மூன்றரை டாலர் என்றால் 2,800 டாலர் ஆகிறது. 2022-இல் விலை ஐந்து டாலரைத் தாண்டியபோது அதே வீட்டுக்கு நான்காயிரத்துக்கு மேல் ஆனது. கோடையிலேயே விலையை உறுதி செய்து முன்பணம் கட்டும் திட்டங்கள் உண்டு. விலை ஏறும் ஆண்டில் அவை காப்பாற்றும், இறங்கும் ஆண்டில் சற்று நட்டம் தரும். வீட்டுக்கு வெளியே தொட்டி வைத்திருக்கும் மொபைல் ஹோம்களில் (ஆலையில் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தும் வீடுகளில்) சாதாரண ஹீட்டிங் ஆயில் கடுங்குளிரில் கூழாகிவிடும் என்பதால், விலை கூடுதலான மண்ணெண்ணெயை வாங்க வேண்டியிருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள்தான் பெரும்பாலும் மொபைல் ஹோமில் இருக்கிறார்கள், அவர்களே காலனுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள் என்பது இந்தக் கவுண்டியின் வேதனைகளில் ஒன்று.

விறகு இன்னொரு வழி. இங்கே விறகைக் கார்டு கணக்கில் விற்பார்கள். நான்கு அடி அகலம், நான்கு அடி உயரம், எட்டு அடி நீளத்துக்கு அடுக்கினால் ஒரு கார்டு. விறகையே நம்பும் வீட்டுக்கு ஐந்து கார்டு வரை தேவைப்படலாம். பச்சை விறகு மலிவு என்று அக்டோபரில் வாங்குவது வீண். அது புகைபோக்கியில் கரியைப் படியவைத்துத் தீ விபத்துக்கு வழிவகுக்கும். இந்தக் குளிருக்கான விறகைச் சென்ற ஆண்டே வாங்கி உலரவிட்டிருக்க வேண்டும்.

வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து வீட்டைச் சூடாக்கும் மின்கருவியான ஹீட் பம்ப்தான் இப்போது பரவிவருகிறது. 2025-க்குள் ஒரு லட்சம் ஹீட் பம்ப் என்று மாநிலம் வைத்த இலக்கு 2023-லேயே எட்டப்பட்டது. எஃபிஷியன்சி மேய்ன் என்ற மாநில அமைப்பு மானியம் தருகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு மானியம் அதிகம். ஆனால் மின்கட்டணம் யூனிட்டுக்கு 25 முதல் 30 சென்ட் வரை ஆகிறது. காற்றடித்தால் மின்சாரம் போவதும் இங்கே வாடிக்கை. ஆகவே ஹீட் பம்ப் பொருத்தினாலும் விறகு அடுப்பையோ எண்ணெய்க் கொதிகலனையோ கழற்றிவிட வேண்டாம். கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குக் கூட்டரசின் எரிபொருள் உதவித் திட்டம் இருக்கிறது. இங்கே அதற்கு டவுன்ஈஸ்ட் கம்யூனிட்டி பார்ட்னர்ஸ் என்ற அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். உதவி கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

வரிகள் எப்படி?

விற்பனை வரி 5.5 சதவீதம், அரிசி, பால், காய்கறி போன்ற அடிப்படை மளிகைப் பொருள்களுக்கு அந்த வரி இல்லை. மாநில வருமான வரி 5.8 முதல் 7.15 சதவீதம் வரை. சொத்து வரியை ஒவ்வோர் ஊரும் தனித்தனியே விதிக்கிறது என்பதால், அடுத்தடுத்த இரண்டு ஊர்களுக்கிடையில்கூட நல்ல வேறுபாடு இருக்கும். இரண்டு லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆயிரத்துக்கு 18 டாலர் வீதம் என்றால் 3,600 டாலர். பன்னிரண்டு மாதம் சொந்த வீட்டில் குடியிருந்தவர் ஏப்ரல் 1-க்குள் விண்ணப்பித்தால் மதிப்பில் 25,000 டாலர் கழிக்கப்படும். மேற்சொன்ன வீட்டுக்கு அதனால் 450 டாலர் மிச்சம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வெளிமாநிலத்தவர் எதிர்பாராதது வாகன எக்சைஸ் வரி. காரின் அசல் விலையில், முதல் ஆண்டு ஆயிரத்துக்கு 24 டாலர், பிறகு 17.50, 13.50, 10, 6.50 என்று இறங்கி, ஆறாம் ஆண்டு முதல் 4 டாலர். முப்பதாயிரம் டாலர் புதுக் காருக்கு முதல் ஆண்டு 720 டாலர் ஆகும். ஊர் அலுவலகத்தில் நேரில் சென்று கட்டி, அந்த ரசீதைக் காட்டினால்தான் பதிவு நடக்கும். சிறிய ஊர்களில் அலுவலகம் வாரத்தில் சில நாள்களே திறந்திருக்கும் என்பதால், நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

கல்விக் கடன் உள்ளவர்களுக்கு நல்ல செய்தி: மேய்னில் வசித்து வருமானம் ஈட்டுவோர், கட்டிய கடன் தவணைக்கு ஈடாக ஆண்டுக்கு 2,500 டாலர் வரை, வாழ்நாளில் 25,000 டாலர் வரை மாநில வரிச் சலுகையாகத் திரும்பப் பெறலாம்.

கார் இல்லாமல் வாழ முடியுமா?

முடியாது. வேலைக்குச் செல்லும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கார் வேண்டும். பக்கத்துக் கவுண்டியில் உள்ள எல்ஸ்வொர்த்துக்கும் கேலஸுக்கும் இடையே ஓடிய ரயில் பாதையின் பெரும்பகுதி இப்போது 87 மைல் நீளமுள்ள நடை, சைக்கிள், ஸ்னோமொபைல் தடமாகிவிட்டது.

தூரத்துக்கு ஆகும் செலவைப் பெரும்பாலோர் பெட்ரோல் விலையில் கணக்கிடுகிறார்கள், அது தவறு. மாதம் இரண்டு முறை மச்சயஸிலிருந்து பேங்கோர் போய்வந்தால் ஆண்டுக்கு 4,080 மைல் ஆகிறது. டயர், தேய்மானம், காப்பீடு எல்லாம் சேர்த்து வருமான வரித்துறை 2025-இல் அலுவல் பயணத்துக்கு அனுமதித்த மைலுக்கு 70 சென்ட் என்ற வீதத்தில் பார்த்தால் 2,856 டாலர். மேலே ஹீட்டிங் ஆயிலுக்குச் சொன்ன தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல் மருத்துவர், கண் மருத்துவர், சிறப்பு மருத்துவர், பெரிய கடை எல்லாவற்றையும் ஒரே நாளில் அடக்கும்படி பயணத்தைத் திட்டமிடக் கற்றவரிடம்தான் இங்கே பணம் மிஞ்சும். சாலை உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும். இலையுதிர் காலத்திலேயே அடியில் துருத் தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள். குளிர்கால டயரை ஆடம்பரமாக நினைத்து ஒத்திப்போட வேண்டாம். அந்தி நேரத்தில் மூஸ் மான் சாலையைக் கடக்கும்; அதன் உடல் காரின் முகப்பு விளக்குகளின் மட்டத்துக்கு மேலே இருப்பதால் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது.

மளிகைக்கும் நம் சமையலுக்கும் என்ன வழி?

மச்சயஸில் ஒரு முழு அளவிலான சூப்பர் மார்க்கெட்டும் கேலஸில் ஒரு வால்மார்ட்டும் இருக்கின்றன. தொலைவிலிருந்து வருவதால் காய்கறி விலை சற்றுக் கூடுதல். துவரம் பருப்பு, புளி, இட்லி அரிசி, கறிவேப்பிலை ஆகியவற்றுக்கு இருநூறு மைலுக்கு அப்பால் உள்ள போர்ட்லண்ட் வரையோ பாஸ்டன் வட்டாரம் வரையோ போக வேண்டும்; அல்லது அஞ்சலில் வரவழைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கான பருப்பு, மசாலாவை ஒரே தடவையில் வாங்கிவைப்பதே இங்குள்ள குடும்பங்களின் வழக்கம். மாவு புளிப்பது குளிர்காலத்தில் பெரும்பாடு. விறகு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஓரிரவில் பொங்கிவிடும்.

கடல் உணவுதான் இங்கே கிடைக்கும் வரம். லாப்ஸ்டர், மட்டி, ஸ்காலப் ஆகியவற்றைப் படகுத்துறையிலேயே வாங்கலாம். ஆகஸ்டில் காட்டுப் புளூபெர்ரி பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். பெட்டியாக வாங்கி உறையவைத்தால் அடுத்த ஆகஸ்ட் வரை வரும்.

மருத்துவ வசதி போதுமா?

போதாது, இதை மூடிமறைப்பதில் பயனில்லை. மச்சயஸிலும் கேலஸிலும் சிறிய மருத்துவமனைகள் இருக்கின்றன. அவசரச் சிகிச்சை, எளிய அறுவை சிகிச்சை, ஆய்வகம், எக்ஸ்ரே ஆகியவை நன்றாகவே நடக்கின்றன. ஆனால் பிரசவப் பிரிவு கேலஸில் 2017-இலும் மச்சயஸில் 2025-இலும் மூடப்பட்டுவிட்டது. இப்போது கவுண்டிக்குள் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையே இல்லை. எல்ஸ்வொர்த்துக்கோ பேங்கோருக்கோ போக வேண்டும். பிறப்புகள் குறைந்ததும், செவிலியர் கிடைக்காததும், பிரசவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரவு பகலாக ஆள் வைத்திருக்கும் செலவும் சேர்ந்து சிற்றூர் மருத்துவமனைகளில் இந்தப் பிரிவுகளை மூடவைக்கின்றன. பனிப்புயல் இரவில் வலி கண்ட ஒரு பெண்ணை ஒன்றரை, இரண்டு மணி நேரம் காரில் கொண்டுபோக வேண்டிய நிலையை எந்தச் சமூகமும் இயல்பென்று ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழந்தை எதிர்பார்க்கும் தம்பதியர் கடைசி இரண்டு வாரங்களுக்குப் பேங்கோர் பக்கம் தங்க இடம் பார்த்துவைப்பது நல்லது.

உயிராபத்தான நேரத்தில் லைஃப்ஃப்ளைட் ஆஃப் மேய்ன் என்ற ஹெலிகாப்டர் சேவை பேங்கோரிலிருந்து வரும். மூடுபனியிலும் புயலிலும் அது பறக்க முடியாது. ஊர்களின் ஆம்புலன்ஸ் சேவையில் தன்னார்வலர்கள் பலர் இருக்கிறார்கள். உடல் தெம்புள்ளவர்கள் பயிற்சி பெற்றுச் சேர்ந்தால் ஊர் நன்றியோடு ஏற்றுக்கொள்ளும். மருத்துவக் காப்பீடு இல்லாத, வருமானம் குறைந்தவர்களுக்கு மேய்ன்கேர் என்ற அரசு மருத்துவ உதவித் திட்டம் 2017 வாக்கெடுப்பின் விளைவாக 2019 முதல் விரிவாக்கப்பட்டிருக்கிறது. பல் மருத்துவரிடம் புதிய நோயாளியாகச் சேரவே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். வந்த முதல் வாரத்திலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவராக வருவோர் பலர் கான்ராட் 30 என்ற திட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். பரிமாற்ற விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர், மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு வேலை செய்ய ஒப்புக்கொண்டால், பயிற்சிக்குப் பின் இரண்டாண்டு தாய்நாட்டுக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைக்கிறது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுக்கு முப்பது இடங்கள். மூன்றாண்டு முடிந்ததும் கிளம்பிவிடும் எண்ணத்தோடு வருவது தவறல்ல. ஆனால் இங்குள்ள முதியவர்கள் அடிக்கடி மாறும் மருத்துவர்களிடம் தங்கள் நோய்க் கதையை முதலிலிருந்து சொல்லிச் சலித்திருக்கிறார்கள். தங்கிவிடுபவர்களை அவர்கள் மறப்பதில்லை.

குடிநீர் பாதுகாப்பானதா?

மேய்னில் ஏறத்தாழ பாதி வீடுகள் சொந்தக் கிணற்றை நம்பியிருக்கின்றன. இந்தக் கவுண்டியிலும் ஊர் மையத்தைத் தாண்டினால் ஆழ்துளைக் கிணறுதான். பாறைக்குள் இயற்கையாகவே ஆர்சனிக் நஞ்சும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் இருப்பதால், நீர் தெளிவாகவும் சுவையாகவும் இருப்பதை வைத்து முடிவு கட்ட முடியாது. லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருந்தால் அதைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தக் கூடாது. சோறும் பருப்பும் நாள்தோறும் நிறையத் தண்ணீரில் வேகும் நம் வீடுகளுக்கு இது கூடுதல் முக்கியம். வாங்கும் முன் ஒரு முறையும், பிறகு சில ஆண்டுகளுக்கு ஒரு முறையும் ஆய்வகத்தில் சோதியுங்கள். வடிகட்டி பொருத்தினால் தீரக்கூடிய குறைதான்.

ஊர்க் குழாய் நீரும் எல்லா இடத்திலும் சிறப்பாக இருந்ததில்லை. ஈஸ்ட்போர்ட்டுக்கும் அதை ஒட்டிய பாஸமக்குவாடி பழங்குடியினரின் சிபாயிக் குடியிருப்புக்கும் ஓர் ஆழமற்ற ஏரியிலிருந்து வரும் நீர் பல பத்தாண்டுகளாகப் பழுப்பு நிறத்தோடும் நாற்றத்தோடும் வந்தது. தங்கள் நிலத்திலுள்ள வேறு நீராதாரத்தைப் பயன்படுத்தப் பழங்குடியினருக்கு வழிவிடும் மாநிலச் சட்டம் 2022-இல்தான் நிறைவேறியது. இந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழும் மக்கள் நல்ல தண்ணீருக்கு அவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதைப் புதிதாக வருபவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

என்ன வேலைகள் கிடைக்கும்?

மருத்துவமனை, பள்ளி, எல்லைச் சுங்கம், பெய்லிவில்லில் உள்ள மரக்கூழ் ஆலை, சால்மன் மீன் வளர்ப்பு ஆகியவற்றில் மாதச் சம்பள வேலைகள் உண்டு. குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 14.65 டாலர், 2026-இல் 15.10 டாலர்.

மற்றவர்கள் பருவத்துக்குப் பருவம் தொழிலை மாற்றிக்கொண்டு வாழ்கிறார்கள். வசந்தத்தில் ஆற்று முகத்துவாரங்களில் விலாங்குக் குஞ்சு பிடிப்பார்கள். ஆசியாவின் மீன் பண்ணைகளுக்குப் போகும் அந்தக் குஞ்சுகள் 2018-இல் பவுண்டு இரண்டாயிரம் டாலருக்கு மேல் விலைபோயின, ஆனால் உரிமம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கோடையில் லாப்ஸ்டர். ஆகஸ்டில் புளூபெர்ரி அறுவடை. ஒரு வயல் ஈராண்டுக்கு ஒரு முறைதான் காய்க்கும் என்பதால் பாதி நிலத்தில் மட்டுமே ஒவ்வோர் ஆண்டும் அறுவடை நடக்கும். குளிர் தொடங்கும்போது கதவில் மாட்டும் கிறிஸ்துமஸ் இலை வளையங்கள் கட்டும் வேலை. அதற்கு, நவம்பரில் சில இரவுகள் கடும் உறைபனி விழுந்த பிறகே பால்சம் ஃபிர் மரத்தின் நுனிக் கிளைகளை ஒடிப்பார்கள். அதற்கு முன் ஒடித்தால் ஊசியிலைகள் நிற்காமல் உதிர்ந்துவிடும். ஒடித்த நுனிகளை நீண்ட குச்சியொன்றில் கோத்துக் காட்டிலிருந்து சுமந்து வந்து, பவுண்டு கணக்கில் எடைபோட்டு விற்பார்கள். விரல்களில் பிசின் ஒட்டி ஒரு வாரத்துக்குப் போகாது. இந்த வேலைகள் எதற்கும் ஓய்வூதியமோ காப்பீடோ இல்லை. முதுகு தாங்கும்வரைதான் வருமானம்.

பள்ளிகள்?

வகுப்புகள் சிறியவை, ஆசிரியருக்கு ஒவ்வொரு பிள்ளையையும் தெரியும். எல்லாப் பொதுப்பள்ளி மாணவர்களுக்கும் காலை உணவும் மதிய உணவும் இலவசம். உயர்நிலைப் பள்ளி இல்லாத ஊர்கள், பக்கத்திலுள்ள வேறு பள்ளிக்குப் பிள்ளையின் கட்டணத்தைச் செலுத்திவிடுகின்றன. 1792-இல் சாசனம் பெற்ற ஈஸ்ட் மச்சயஸின் வாஷிங்டன் அகாடமிக்குப் பல ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள். உயர்நிலைக் கணிதம், அறிவியலில் பாடத் தெரிவுகள் குறைவு என்பதால், நாட்டம் உள்ள பிள்ளைக்கு இணையவழிப் படிப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மச்சயஸில் மேய்ன் பல்கலைக்கழகத்தின் வளாகமும் கேலஸில் ஒரு சமுதாயக் கல்லூரியும் இருக்கின்றன.

இணைய இணைப்பு வேலைக்குப் போதுமானதா?

முகவரிக்கு முகவரி மாறும். கேலஸிலும் பெய்லிவில்லிலும் ஊராட்சிகளே சேர்ந்து ஃபைபர் வலையமைப்பை நிறுவியிருக்கின்றன. வேறு இடங்களில், வீட்டு விலை பேசும் முன்பே அந்த முகவரிக்கு என்ன இணைப்பு உண்டென்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் செயற்கைக்கோள் இணைப்புதான்.

கடற்கரையை ஒட்டிய வீடு ஆபத்தானதா?

ஈஸ்ட்போர்ட்டில் ஓதத்துக்கும் (கடல் நீர் உயர்ந்து நிற்கும் நேரம்) வற்றுக்கும் (தாழ்ந்து நிற்கும் நேரம்) இடையே நீர்மட்டம் சராசரியாக ஐந்தரை மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் உள்ள கரையில், புயல் எந்த நேரத்தில் வந்து தாக்குகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வற்றின்போது வந்தால் பெருஞ்சேதம் இராது, ஓதத்தின்போது வந்தால் படகுத்துறைகளையே பெயர்த்துவிடும். 2024 ஜனவரி 10, 13 ஆகிய நாள்களில் வந்த இரண்டு புயல்கள் ஓதத்தோடு சேர்ந்து, மேய்ன் கடலோரம் முழுவதும் தலைமுறை தலைமுறையாக நின்ற மீன்பிடித் துறைகளை நொறுக்கின. மச்சயஸின் கடைவீதிப் பகுதிக்குள்ளும் கடல் நீர் புகுந்தது. வழக்கமான வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. தனியாக வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டும். சாலை மட்டத்துக்கு மேலே, மேட்டில் உள்ள வீட்டைப் பாருங்கள். வீடு மேட்டில் இருந்தாலும் அதற்குப் போகும் சாலை ஓதத்தில் மூழ்குமா என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள்.

மக்கள் எப்படி? தனிமையாக இருக்குமா?

மேய்ன்தான் நாட்டிலேயே சராசரி வயது கூடிய மாநிலம். இந்தக் கவுண்டி அதிலும் முதிர்ந்தது. அபின் வகைப் போதைப் பழக்கம் பல குடும்பங்களைச் சிதைத்திருக்கிறது என்பதும் மறைக்கத்தக்கதல்ல. ஆனாலும் வாசலில் பனி குவிந்தால் கேட்காமலேயே டிரக்கில் வந்து தள்ளிவிட்டுப் போகும் அண்டை வீட்டார்களை இங்கே நிறையப் பார்க்கலாம். பேச்சு குறைவு, உதவி அதிகம். மில்பிரிட்ஜில் புளூபெர்ரி, கடல் உணவு வேலைகளுக்காக வந்து தங்கிவிட்ட ஸ்பானிய மொழிக் குடும்பங்கள் பல இருக்கின்றன; புதியவர்களை ஏற்பது எப்படி என்பதை அந்த ஊர் ஏற்கெனவே கற்றிருக்கிறது.

இந்தியக் குடும்பங்கள் மிகக் குறைவு. மாசசூசெட்ஸின் ஆஷ்லண்ட் லட்சுமி கோயிலுக்குப் போக ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். பொங்கலும் தீபாவளியும் பெரும்பாலும் வீட்டுக்குள்தான். வேலைக்குப் போகும் துணைக்கு நண்பர்கள் தாமாக அமைந்துவிடுவார்கள். வீட்டில் இருக்கும் துணைக்குத்தான் டிசம்பர் மாதம் கடினம், ஏனெனில் நாட்டின் கிழக்குக் கோடி என்பதால் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஊர் நூலகம், தேவாலயத்தின் பொது விருந்து, தீயணைப்புத் தன்னார்வக் குழு எதுவாயினும் ஒன்றில் அக்டோபருக்குள் சேர்ந்துவிடும்படி எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

முடிவெடுக்கும் முன் எந்த மாதம் வந்து பார்க்கலாம்?

ஜூலை, ஆகஸ்டில் வந்தால் எவரும் மயங்கிவிடுவார்கள். மே, ஜூனில் கடிக்கும் பிளாக் ஃப்ளை ஈக்களையும், புல்வெளியில் நடந்தால் காலில் ஏறி லைம் நோயைப் பரப்பும் உண்ணிகளையும் அறிந்துகொள்ளலாம். புல்லில் நடந்த ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் உடலைத் தலைமுடி வரை தடவிப் பார்ப்பது இங்கே பழக்கமாகிவிட வேண்டும். ஆனால் சரியான மாதம் மார்ச். பனி உருகி மண்சாலைகள் சேறாகி, கனரக வண்டிகளுக்குத் தடை போட்டிருக்கும். எண்ணெய்த் தொட்டி காலியாகும் தறுவாயில் இருக்கும். விருந்தினர் விடுதிகள் பல மூடியிருக்கும். அந்த மாதத்தில் ஒரு வாரம் தங்கி, பேங்கோருக்கு ஒரு முறை ஓட்டிப் போய்விட்டுத் திரும்புங்கள். பார்க்கும் வீட்டின் சென்ற இரண்டு குளிர்காலத்து எண்ணெய் ரசீதுகளையும் மின்கட்டண ரசீதுகளையும் விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். தர மறுப்பவரின் வீட்டை விட்டுவிடுங்கள்.